கடைசி வரிசையில் ஒரு நாற்காலி

கேள்வி: அம்மா, வணக்கம். நான் ஒரு பல்கலைக்கழகத்தில் இணைப் பேராசிரியர். இந்த ஆண்டு முதல் எங்கள் பல்கலைக்கழகத்தில் ‘சிறந்த ஆசிரியர் விருது’ வழங்கப்போகிறார்கள். தேர்வுக் குழுவின் ஒருங்கிணைப்பாளராக என்னைப் போட்டிருக்கிறார்கள். மாணவர்களின் கருத்துப் படிவத்தில் யாருக்கு அதிக மதிப்பெண்ணோ அவருக்கே கொடுத்துவிடலாம் என்கிறார்கள் மற்ற உறுப்பினர்கள். அப்படிச் செய்தால் அது வகுப்பைக் கலகலப்பாக வைத்திருக்கும் என் நண்பர் ஒருவருக்குத்தான் போகும். என் மனத்தில் இருப்பவர் வேறொருவர். முதலாண்டுக் கணிதத்தை ஒன்பது ஆண்டுகளாகச் சுமந்துவருபவர். படிவத்தில் அவருக்கு நடுத்தர மதிப்பெண்தான் வருகிறது. “கண்டிப்பு”, “கேள்வி கேட்டே கொல்கிறார்” என்றெல்லாம் மாணவர்கள் எழுதுகிறார்கள். ஆய்வுக் கட்டுரைகள் போதாது என்று அவருடைய பதவி உயர்வு இரண்டு முறை தள்ளிப்போயிருக்கிறது. விருதைப் பற்றிப் பேச்செடுத்தபோது சிரித்துவிட்டு, “விருது வேண்டாம், ஒரு பிரிவைக் குறைக்கச் சொல்லுங்கள்” என்றார். குழுவில் நான் என்ன பேசுவது?
— பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்

பதில்: வணக்கம். உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இரண்டாவது முறை ஒரு வரியைத் தேடிப் படித்தேன், அது கிடைக்கவில்லை. அந்தக் கணித ஆசிரியரின் வகுப்பில் நீங்கள் ஒரு நாளாவது உட்கார்ந்திருக்கிறீர்களா? உங்கள் நண்பரின் வகுப்பில்? ஒருவர் கலகலப்பு, மற்றவர் கண்டிப்பு என்று நீங்கள் சொல்வதெல்லாம் நடைபாதையில் காதில் விழுந்ததும் ஆசிரியர் அறையில் பேசிக்கொண்டதும் படிவத்தில் வந்ததும்தான். உங்களைக் குறை சொல்லவில்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேல் கற்பித்தவள் நான். அத்தனை காலத்தில் என் வகுப்புக்குள் வந்து உட்கார்ந்த சக ஆசிரியர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆய்வுக் கட்டுரை எழுதினால் எங்கோ இருக்கும் இருவர் மூவர் படித்துக் கருத்துச் சொல்கிறார்கள். கற்பித்தலோ, வகுப்பறைக் கதவைச் சாத்தியதும் மாணவர்களுக்கும் நமக்கும் மட்டுமே தெரிந்த விஷயமாகிவிடுகிறது.

யாரும் போய்ப் பார்க்காததால்தான் எல்லாக் குழுக்களும் அந்தப் படிவத்தில் போய் விழுகின்றன. கூட்டி வகுத்தால் ஓர் எண் வந்துவிடும், அரை மணி நேரத்தில் கூட்டம் முடிந்துவிடும். 1973இல் வெளியான ஓர் ஆய்வை உங்கள் குழுவுக்குச் சொல்லுங்கள், சிரிப்பாவது வரும். அமெரிக்காவில் ஒரு நடிகரை ‘டாக்டர் ஃபாக்ஸ்’ என்ற பெயரில் பெரிய நிபுணர் என்று அறிமுகப்படுத்தி, மருத்துவக் கல்வியில் கணித விளையாட்டுக் கோட்பாடு என்ற தலைப்பில் பேசவைத்தார்கள். பேச்சில் சரக்கு எதுவும் இல்லை. முன்னுக்குப் பின் முரண், பொருளில்லாத சொற்கள், நடுநடுவே நகைச்சுவை, அவ்வளவுதான். கேட்டவர்களில் மனநல மருத்துவர்கள், உளவியலாளர்கள், கல்வியாளர்கள் எல்லாரும் இருந்தார்கள். பேச்சு தங்கள் சிந்தனையைத் தூண்டியதாகவே பெரும்பாலோர் எழுதிக் கொடுத்தார்கள்.

ஒரு மணி நேரம் அப்படி ஏமாற்றலாம், ஒரு பருவம் முழுவதும் ஏமாற்ற முடியுமா என்று யாராவது கேட்பார்கள். நியாயமான கேள்வி. அதற்கு ஓரளவு விடை சொன்னவர்கள் ஸ்காட் கேரல், ஜேம்ஸ் வெஸ்ட் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள். அமெரிக்க விமானப்படை அகாடமியில் தனக்கு யார் பாடம் எடுக்க வேண்டும் என்று மாணவர் தேர்ந்தெடுக்க முடியாது. எந்தப் பிரிவு என்பது குலுக்கல் போலத்தான் அமையும். தேர்வும் எல்லாப் பிரிவுகளுக்கும் ஒன்றே. அதனால் ஆசிரியரின் கைவண்ணத்தைத் தனியே பிரித்துப் பார்க்க அது நல்ல இடம். 2010இல் அவர்கள் வெளியிட்ட முடிவு இது: மாணவர்கள் நல்ல மதிப்பெண் போட்ட ஆசிரியர்களிடம் படித்தவர்கள் அந்தப் பாடத்தின் தேர்வில் நன்றாக எழுதினார்கள். அடுத்தடுத்த பாடங்களுக்குப் போனபோதோ சறுக்கினார்கள். அனுபவமும் தகுதியும் கூடிய ஆசிரியர்களிடம் படித்தவர்களுக்கு இது தலைகீழாக நடந்தது. அப்போதைக்குக் குறைவு, பின்னால் நிறைவு. உங்கள் கணித ஆசிரியருக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்லமாட்டேன். பொருந்தக்கூடும் என்பதைக் குழு மறந்துவிடக் கூடாது.

மாணவர்கள் பொய் எழுதுகிறார்கள் என்று இதற்குப் பொருள் இல்லை. கற்கும்போது வலிக்கிறது, வலித்ததை அவர்கள் உள்ளபடி எழுதுகிறார்கள். 2019இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் இயற்பியல் வகுப்புகளில் இதைச் சோதித்தார்கள். சரளமான விரிவுரையைக் கேட்ட மாணவர்கள் நிறையக் கற்றதாக நினைத்தார்கள். தாங்களே முட்டி மோதிக் கணக்குப் போட்ட மாணவர்கள் குறைவாகக் கற்றதாக நினைத்தார்கள். தேர்வு வைத்துப் பார்த்தால் முட்டி மோதியவர்களே அதிகம் கற்றிருந்தார்கள். “கேள்வி கேட்டே கொல்கிறார்” என்பது குற்றச்சாட்டா, பாராட்டா என்பது கொல்லப்பட்டவருக்கு அந்தப் பருவத்தில் தெரிய வாய்ப்பில்லை.

அந்தக் கணித ஆசிரியர் ஆணா பெண்ணா என்று நீங்கள் எழுதவில்லை. பெண் என்றால் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2015இல் வெளியான ஒரு சிறிய ஆய்வில், இணையவழிப் பாடம் ஒன்றை ஓர் ஆணும் ஒரு பெண்ணும் நடத்தினார்கள். ஒவ்வொருவரும் ஒரு பிரிவில் தம் பெயரிலும் இன்னொரு பிரிவில் மற்றவர் பெயரிலும் நடத்தினார்கள். பயிற்சித் தாள்களைத் திருத்திக் கொடுத்தது எல்லாருக்கும் ஒரே நேரத்தில். அப்படியும் “உரிய நேரத்தில் திருத்தித் தருகிறார்” என்ற கேள்விக்கு ஆண் பெயருக்கு 5க்கு 4.35 கிடைத்தது, பெண் பெயருக்கு 3.55. கடிகாரத்தைப் பார்த்துச் சொல்லவேண்டிய விஷயத்திலேயே இத்தனை வித்தியாசம்.

இதையெல்லாம் சொன்னதும் படிவத்தைக் கிழித்துப் போடச் சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். மாணவருக்கு மட்டுமே தெரிந்த சில விஷயங்கள் உண்டு. ஆசிரியர் வகுப்புக்கு ஒழுங்காக வருகிறாரா, சந்தேகம் கேட்டால் எரிந்து விழுகிறாரா, கடைசி வரிசைக்குக் குரல் எட்டுகிறதா, விடைத்தாள் எப்போது திரும்பி வந்தது. இவற்றை மாணவரிடம்தான் கேட்க வேண்டும். பாடத்திட்டம் காலாவதியாகிவிட்டதா, வினாத்தாள் மனப்பாடத்தைச் சோதிக்கிறதா, புரிதலைச் சோதிக்கிறதா என்பது முதலாண்டு மாணவருக்கு எப்படித் தெரியும்? அவரிடம் “ஒட்டுமொத்தமாக இந்த ஆசிரியர் எப்படி?” என்று கேட்டு, வரும் எண்ணைத் தசம புள்ளிக்குப் பிறகும் நீட்டி வரிசைப்படுத்துவதுதான் கூத்து. 2018இல் கனடாவின் ரயர்சன் பல்கலைக்கழகத்தில் எழுந்த ஒரு தகராறில், இந்த மதிப்பெண்களைக் கொண்டு பதவி உயர்வுக்காகக் கற்பித்தல் திறனை அளக்கக் கூடாது என்று நடுவர் தீர்ப்பே சொல்லிவிட்டார்.

சரி, போய்ப் பார்ப்பது என்றால் எதைப் பார்ப்பது? நான் பார்த்த ஒரு வகுப்பைச் சொல்கிறேன். பணியில் இருந்தபோது ஒரு சக ஆசிரியரிடம் அனுமதி கேட்டு அவர் வகுப்பின் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தேன். ஒரு நிரூபணத்தைப் பலகையில் முழுதாக எழுதிவிட்டு, “இதில் ஒரு வரி தவறு. எந்த வரி?” என்று கேட்டார். பிறகு வாய் திறக்கவில்லை. என் கைக்கடிகாரத்தில் பதினொரு விநாடி ஓடியது. ஆசிரியராக நின்று பாருங்கள், பதினொரு விநாடி மௌனம் ஒரு யுகம். மூன்றாம் வரிசையில் ஒரு மாணவன் பேனாவைப் பாதி தூக்கி, உடனே கீழே வைத்துவிட்டான். அவர் அதைப் பார்த்துவிட்டார். “நீங்கள் நினைத்ததைச் சொல்லுங்கள்” என்றார். அவன் சொன்னது தவறான விடை. அதை அவன் சொன்ன சொற்களிலேயே பலகையில் எழுதி, “இதை ஒத்துக்கொள்பவர்கள் கை தூக்குங்கள்” என்றார். பாதி வகுப்பு தூக்கியது. மீதி நேரம் முழுவதும் அந்தத் தவறான விடைக்கே போனது. அன்றைக்கு எடுக்கவேண்டிய பாடத்தில் பாதிகூட முடியவில்லை. அந்தப் பருவப் படிவத்தில் யாரோ எழுதியிருந்தார்கள்: “பாடத்தை முடிக்கமாட்டார்.” உண்மைதான். அந்தப் படிவத்தை மட்டும் பார்த்திருந்தால் நானும் தலையாட்டியிருப்பேன்.

எனவே குழுவிடம் நீங்கள் கேட்கவேண்டியது ஆள். பரிந்துரைக்கப்படும் ஒவ்வொருவரின் வகுப்புக்கும் இருவர் போகட்டும், ஒரு முறைக்கு இருமுறையாக. துறைத் தலைவர் வேண்டாம். அவர் வந்து உட்கார்ந்தால் அது சோதனையாகிவிடும். இருவரில் ஒருவர் வேறு துறையைச் சேர்ந்தவராக இருப்பது நல்லது. நமக்குத் தெரிந்த பாடம் என்றால் ஆசிரியர் விட்ட இடைவெளியை நம் மூளையே நிரப்பிவிடும், விட்டுப்போனது கண்ணில் படாது. தேதியை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். திடீர்ச் சோதனையில் பயந்த வகுப்பைத்தான் பார்க்க முடியும். போவதற்கு முன் கால் மணி நேரம், போய்வந்த பின் கால் மணி நேரம் அவரோடு பேசுங்கள். “இன்று எந்த இடத்தில் மாணவர்கள் தடுமாறுவார்கள் என்று நினைக்கிறீர்கள்?” என்ற ஒரு கேள்வி போதும். பதில் சொல்லத் தெரிந்தவரையும் தெரியாதவரையும் அங்கேயே அடையாளம் கண்டுவிடலாம்.

அவர் திருத்திய விடைத்தாள்களில் ஒன்றையும் கேட்டு வாங்குங்கள், மாணவரின் பெயரை மறைத்துத்தான். முதல் மதிப்பெண் தாள் வேண்டாம், நடுவில் இருப்பது வேண்டும். ஓரத்தில் வெறும் சிவப்புக் கோடா, அல்லது “இங்கே வகுத்தது பூஜ்யத்தால், கவனித்தீர்களா?” என்று ஒரு வரியா? சென்ற ஆண்டுக்கும் இந்த ஆண்டுக்கும் பாடத்தில் எதை மாற்றினார், ஏன் மாற்றினார் என்று ஒரு பக்கம் எழுதித் தரச் சொல்லுங்கள். ஒரே பக்கம்தான். இருபது பக்க விண்ணப்பமும் புகைப்பட ஆல்பமும் கேட்டால் விருது விண்ணப்பம் எழுதத் தெரிந்தவருக்கே போய்ச் சேரும். முதலாண்டுக் கணிதத்துக்குப் பின் அடுத்த பாடம் எடுப்பவரிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள்.

உங்கள் நண்பரின் வகுப்புக்கும் இதே போல் போகவேண்டும். கலகலப்பு ஒரு குற்றம் இல்லை. ஹார்வர்டில் எரிக் மசூர் என்ற இயற்பியல் பேராசிரியர் மாணவர்களிடம் நல்ல பெயர் வாங்கியவர். அடிப்படைக் கருத்துகளைச் சோதிக்கும் ஓர் எளிய வினாத்தாளைக் கொடுத்தபோது ஒரு மாணவி, நீங்கள் சொல்லிக்கொடுத்தபடி எழுதுவதா, நான் உண்மையில் நினைக்கிறபடி எழுதுவதா என்று கேட்டுவிட்டார். மசூர் ஆடிப்போனார். அதன் பிறகு மாணவர்கள் ஒருவரோடொருவர் விவாதித்து விடை காணும் முறையை வகுப்பில் கொண்டுவந்தார். நல்ல மதிப்பெண் வாங்கிய ஆசிரியரும் நல்ல ஆசிரியரும் ஒரே ஆளாக இருக்கலாம், ஆகவும் செய்யலாம். உங்கள் நண்பரே தகுதியானவர் என்று தெரிந்தால் மனம் கோணாமல் கொடுத்துவிடுங்கள்.

இப்போது பதவி உயர்வு. விருது விழா ஒரு மாலையில் முடிந்துவிடும், பதவி உயர்வு மறுக்கப்பட்ட கடிதம் கோப்பிலேயே இருக்கும். இளம் ஆசிரியருக்குக் கற்பித்தல் விருது கிடைத்தால் “ஐயோ பாவம், இனி ஆய்வு செய்யமாட்டார் என்று முடிவு கட்டிவிடுவார்கள்” என்று கிண்டல் பேசும் பல்கலைக்கழகங்கள் உண்டு. கற்பித்தலையும் அறிவுப் பணியாகக் கணக்கில் கொள்ளவேண்டும் என்று கார்னகி அறக்கட்டளையின் தலைவராக இருந்த எர்னஸ்ட் பாயர் 1990லேயே வாதாடினார். பலர் தலையாட்டினார்கள், கட்டுரைகளை எண்ணுவது மட்டும் நிற்கவில்லை. எண்ண வசதியாக இருக்கிறது, வேறென்ன. ஆகவே ஒரே ஒரு தீர்மானத்தை எழுத்தில் வாங்கிவிடுங்கள்: வகுப்பைப் பார்த்த இருவரும் எழுதும் அறிக்கை, விருது கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், ஆசிரியர் சம்மதித்தால் அவருடைய பதவி உயர்வுக் கோப்பில் சேரவேண்டும். விருது ஒருவருக்குத்தான். அறிக்கை பத்துப் பேருக்குக் கிடைக்கும். மூன்றாவது முறை உங்கள் கணித ஆசிரியரின் கோப்பு மேசைக்கு வரும்போது, கட்டுரைகளின் எண்ணிக்கைக்குப் பக்கத்தில் எடுத்துப் படிக்க ஏதாவது இருக்கும்.

கடைசியாக அவர் சிரித்துக்கொண்டே சொன்னது. ஒரு பிரிவில் 60 பேர், மூன்று பிரிவுகள் என்று வைத்துக்கொள்வோம். பருவத்துக்கு இரண்டு தேர்வு என்றால் 360 விடைத்தாள். ஓரத்தில் ஒரு வரி எழுதித் திருத்த ஒரு தாளுக்கு ஆறு நிமிடம் என்றால் 36 மணி நேரம். ஒரு பிரிவு குறைந்தால் 12 மணி நேரம் மிச்சம். நன்றாகக் கற்பிப்பவருக்குப் பரிசாகக் கற்பித்தலையே குறைப்பதா என்று குழுவில் யாராவது குதர்க்கம் பேசுவார். அவர் மாணவர்களிடமிருந்து தப்பிக்கக் கேட்கவில்லை, அந்த ஒரு வரியை எழுத நேரம் கேட்கிறார். பணப்பரிசுக்கு ஒதுக்கிய தொகையில் அந்தப் பிரிவை ஏற்க முறையான சம்பளத்துக்கு ஓர் ஆளை வைக்க முடியுமா என்று நிதி அலுவலரிடம் விசாரியுங்கள். குறைந்த கூலிக்கு யார் தலையிலாவது கட்டிவிட்டு அதைப் பரிசு என்று சொல்வதற்கு மட்டும் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

குழுவின் அடுத்த கூட்டத்துக்கு முன் அவருக்கு ஒரு தொலைபேசி போட்டு, அடுத்த வாரம் அவர் வகுப்பில் உட்காரலாமா என்று கேளுங்கள். சரி என்றால் ஒரு நாற்காலியை நீங்களே தூக்கிக்கொண்டு போங்கள். முதலாண்டு வகுப்பில் உங்களுக்குக் காலி இடம் இருக்காது.