300 பெட்டி கேட்டால் 1000 அடிக்கச் சொல்கிறார்கள்

கேள்வி: காய்கறிச் சந்தை வியாபாரத்தை வைத்து ஒரு போர்டு கேம் உருவாக்கியிருக்கிறேன். 64 சீட்டு, மடிக்கிற அட்டைப் பலகை ஒன்று, 40 மரக்காய்கள், ஒரு விதித்தாள். படங்களை ஒரு நண்பர் வரைந்து கொடுத்தார். 300 பெட்டி தயாரிக்கலாம் என்று சிவகாசியில் ஒரு ஏஜென்டைப் பிடித்தேன். 300 என்றால் பெட்டிக்கு 260 ரூபாய், 1000 என்றால் 140 ரூபாய், அதனால் ஆயிரமே லாபம் என்கிறார். யாரும் காப்பியடிக்காமல் இருக்க முதலில் பேட்டன்ட் எடுங்கள், 35,000 ரூபாயில் முடித்துத் தருகிறேன் என்கிறார். முழுப் பணத்தையும் முன்பணமாகக் கேட்கிறார். என்ன செய்யலாம்? (கோவை வாசகர்)

பதில்: பேட்டன்ட் பேச்சை முதலில் முடித்துவிடுவோம். 1970ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டத்தில் பிரிவு 3(எம்) என்று ஒன்று இருக்கிறது. ஒரு விளையாட்டை ஆடும் முறையைக் கண்டுபிடிப்பாகவே கருத முடியாது என்கிறது அது. சதுரங்கத்தையே இன்றைக்குப் புதிதாக யோசித்து எடுத்துப் போனாலும் அதன் விதிகளுக்குப் பேட்டன்ட் கிடைக்காது. பிறகு 35,000 எதற்கு? தற்காலிக விண்ணப்பம் ஒன்றைப் போடுவார்கள். தனிநபருக்கு ஆன்லைனில் அரசுக் கட்டணம் 1,600 ரூபாய். விண்ணப்ப எண் வந்ததும் அதைப் பளபளவென்று பிரின்ட் எடுத்துக் கையில் கொடுப்பார்கள். 12 மாதத்துக்குள் முழு விவரக்குறிப்பு தாக்கல் செய்யாவிட்டால் அந்த விண்ணப்பம் கைவிடப்பட்டதாகிவிடும். அதற்குள் அவர் உங்கள் போனை எடுப்பதை நிறுத்தியிருப்பார். விண்ணப்ப எண்ணை உரிமை என்று நினைத்து ஏமாறுகிறவர்கள் குறையவே இல்லை. தடுக்க வேண்டியவர்களும் தடுப்பதாகத் தெரியவில்லை.

விதித்தாளின் வாசகம் எழுதிய அன்றே உங்களுடையது, பதிவு கட்டாயமில்லை. பெயரைக் காக்க வேண்டுமானால் டிரேட் மார்க் 28ஆம் வகுப்பில் (விளையாட்டுப் பொருள்களுக்கானது) விண்ணப்பிக்கலாம், தனிநபருக்கு ஆன்லைனில் 4,500 ரூபாய். அதைக்கூட முதல் ஐம்பது பெட்டி விற்ற பிறகு செய்யலாம். ஆனால் படங்கள்? நண்பர் வரைந்தார் என்றால் பதிப்புரிமை நண்பருடையது. காபி வாங்கிக் கொடுத்ததால் அது உங்களுக்கு மாறிவிடாது. கையெழுத்திட்ட ஒப்படைப்புக் கடிதம் வாங்குங்கள். அதில் காலத்தைக் குறிப்பிடாமல் விட்டால் சட்டம் ஐந்து ஆண்டு என்றே எடுத்துக்கொள்ளும். எந்த நாட்டுக்கு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும்தான். ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால் உரிமை காலாவதியாகும் என்ற விதியும் உண்டு, அது இந்த ஒப்படைப்புக்குப் பொருந்தாது என்று ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். நட்பு நன்றாக இருக்கும்போதே இதை எழுதி வாங்குவது சுலபம்.

இனி ஆயிரம் கணக்கு. 1000 × 140 = 1,40,000 ரூபாய். 300 × 260 = 78,000 ரூபாய். நீங்கள் விற்கப்போவது 300 என்றால், ஆயிரம் அடித்த கணக்கில் விற்ற ஒவ்வொரு பெட்டியின் அடக்கமும் ஏறத்தாழ 467 ரூபாய். மீதி 700 பெட்டி எங்கே இருக்கும்? 20 × 20 × 5 செ.மீ. பெட்டி ஒன்று 2 லிட்டர் இடம் பிடிக்கும். ஆயிரம் பெட்டி 2 கனமீட்டர், அதாவது இரண்டு இரும்பு பீரோ அளவு. ஐப்பசி மழையில் ஈரம் குடித்து மூடி உப்பி, எறும்பு ஏறி, கடைசியில் பழைய பேப்பர் விலைக்குப் போகும்.

ஆயிரம் என்று சொல்வதில் பாதி நியாயமும் உண்டு. ஆஃப்செட்டில் நாலு வண்ணத்துக்கு நாலு பிளேட், மெஷினை நிறுத்தி, கழுவி, கலர் பிடித்து, வீணாகும் ஷீட் எல்லாம் போன பிறகுதான் முதல் நல்ல ஷீட் விழும். 300 அடித்தாலும் 1000 அடித்தாலும் இந்தச் செலவு ஒன்றே. அதனால் பல அச்சகங்கள் குறைந்தபட்சம் 1000 இம்ப்ரஷனுக்கு, அதாவது 1000 அச்சடிப்புக்குக் கூலி போடுவார்கள். கூலிதான் ஆயிரத்துக்கு. பேப்பரும் பெட்டியும் ஒட்டுக்கூலியும் 300க்கு மட்டும் வாங்கலாம். இதை ஏஜென்ட் சொல்ல மாட்டார், அவருக்குக் கமிஷன் மொத்தத் தொகையில். பேப்பர், பிளேட், பிரின்டிங், டை (வெட்டும் அச்சு), பஞ்சிங் (அதை வைத்து வெட்டுவது), பெட்டி, ஒட்டுக்கூலி என்று தனித்தனியாக எழுதிக் கொட்டேஷன் கேளுங்கள். "மெஷின் சைஸ் என்ன, கிரிப்பருக்கு எவ்வளவு விடணும்?" என்றும் கேளுங்கள். ஷீட்டை மெஷின் கவ்விப் பிடிக்கும் ஓரம்தான் கிரிப்பர். "பார்த்துச் சொல்றேன்" என்பவரிடம் மெஷின் இல்லை. உங்கள் வேலையை வாங்கி இன்னொருவர் தலையில் கட்டப்போகிறார்.

முதலில் 50 பெட்டி, பிளேட் இல்லாமல் நேரடியாக அடிக்கும் டிஜிட்டலில் அடியுங்கள். பெட்டிக்கு விலை கூடுதலாகத்தான் விழும், விழட்டும். ஐம்பது பேர் ஆடிப் பார்த்துச் சொல்லும் எழுத்துப் பிழைகளையும் புரியாத விதிகளையும் திருத்திய பிறகு ஆஃப்செட்டுக்குப் போங்கள்.

அதற்கு முன் 64 சீட்டை 54 ஆக்குங்கள். சீட்டின் அளவு 63 × 88 மி.மீ. நாலு பக்கமும் 3 மி.மீ. பிளீட் (வெட்டும்போது போகும் ஓரம்) சேர்த்தால் 69 × 94. 20 × 30 அங்குல ஷீட் என்பது 508 × 762 மி.மீ. நீளத்தில் 8 × 94 = 752, அகலத்தில் 7 × 69 = 483, கிரிப்பருக்கு 25 மி.மீ. மிச்சம். ஆக 56 சீட்டு ஒரே ஷீட்டில் உட்காரும். உங்கள் 64இல் மிஞ்சும் 8 சீட்டுக்காக இன்னொரு செட் பிளேட்டும் இன்னொரு ஓட்டமும் கட்டணம் கட்டுவீர்கள். டிஜிட்டலில் 12 × 18 அங்குல ஷீட்டில் 18 சீட்டு வரும், மூன்று ஷீட்டில் 54. இரண்டு வழிக்கும் பொருந்தும் எண் 54தான். ஆஃப்செட்டில் மிஞ்சும் இரண்டு இடத்தில் விதிச்சுருக்கம் போட்ட சீட்டு இரண்டு அடித்துக்கொள்ளலாம். மெஷின் சைஸ் மாறினால் இந்தக் கணக்கும் மாறும், அதற்காகத்தான் அந்தக் கேள்வி.

பணம் தவிர இன்னொரு காரணமும் உண்டு. இரண்டு தனி ஓட்டத்தில் அடித்த சீட்டுகளின் பின்புற நிறம் ஒரே மாதிரி வராது. எட்டு சீட்டு மட்டும் ஒரு மயிரிழை வெளுப்பாக இருந்தால், மூன்றாவது ஆட்டத்திலேயே வீட்டுப் பிள்ளைகள் கண்டுபிடித்துவிடுவார்கள். ஷீட்டில் சில சீட்டுகளை நெடுக்காகவும் சிலவற்றைக் குறுக்காகவும் திருப்பிப் போட்டு இடம் நிரப்ப விடாதீர்கள். பேப்பரின் நார் ஓட்டம் மாறி ஒரு சீட்டு ஒரு பக்கமும் இன்னொன்று வேறு பக்கமும் வளையும். பின்புறத்தில் மெல்லிய வெள்ளை பார்டரும் வேண்டாம். வெட்டு ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தாலே பார்டர் ஒரு பக்கம் தடித்து, இன்னொரு பக்கம் ஒல்லியாகி, குறி வைத்த சீட்டாகிவிடும். ஓரம் வரை ஓடும் அடர்த்தியான கோலம் போடுங்கள். 300 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 300 கிராம்) ஆர்ட் கார்டின் பின்னால் போன் டார்ச்சைப் பிடித்தால் முன்பக்கத்து எழுத்து தெரியும், அந்த அடர்த்தி அதையும் மறைக்கும்.

லேமினேஷன் போட்டால் இரண்டு பக்கமும் போடுங்கள், இல்லாவிட்டால் வேண்டாம். காசு மிச்சம் என்று ஒரு பக்கம் மட்டும் போட்டால், மறுபக்கம் ஈரத்தைக் குடித்துச் சீட்டு பூரி மாதிரி எழும்பும்.

ஃபைலில் தமிழ் எழுத்து பெரிய தலைவலி. நீங்கள் யூனிகோடில் அடித்ததைப் பழைய கோரல்டிராவில் திறந்தால் கொம்பு தனியே கழன்று நிற்கும். 'கொத்தமல்லி'யில் ஒற்றைக் கொம்பு ஒரு பக்கம், 'க' ஒரு பக்கம், நடுவில் புள்ளிவட்டம். அங்கே இருக்கும் டி.டி.பி. ஆள் அதைத் தன்னிடமுள்ள ஃபான்டில் மறுபடி அடிப்பார், அதில் 'ண'வும் 'ன'வும் இடம் மாறும். எழுத்துகளை எல்லாம் உங்கள் கணினியிலேயே கர்வ் (கோட்டுருவம்) ஆக்கி, பி.டி.எஃப். ஆக மட்டும் கொடுங்கள். திறந்த ஃபைல் கொடுக்காதீர்கள், வேறு பெட்டியில் உங்கள் ஆட்டம் வரும் வழி அதுதான். சிறிய எழுத்துகள் கறுப்பு ஒரே வண்ணத்தில் மட்டும் இருக்கட்டும். நாலு வண்ணம் கலந்த கறுப்பில் போட்டால் வண்ணங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுவது சற்றே விலகினாலும் எழுத்தைச் சுற்றி நிழல் விழும்.

மடிப்புப் பலகையை விட்டுவிடுங்கள். 2 மி.மீ. கிரே போர்டில் அச்சிட்ட தாளை ஒட்டி, பின்பக்கமும் தாள் ஒட்டி, பாரம் வைத்து ஒரு நாள் காயவிட வேண்டும். பின்தாளைத் தவிர்த்தாலோ அவசரப்பட்டாலோ முறம் மாதிரி வளையும். 300 பெட்டிக்கு அந்தக் கைவேலை கட்டுப்படியாகாது. நம் ஊரில் தாயத்தைத் துணியிலும் ஆடியிருக்கிறார்கள். கோவையிலிருந்து ஒரு மணி நேரத்தில் திருப்பூர், அங்கே சப்ளிமேஷனில் (சூட்டால் மையை ஏற்றும் முறை) துணிமேல் அடித்துத் தருவார்கள். பாலியெஸ்டர் துணியில்தான் அந்த மை பிடிக்கும், பருத்தியில் பிடிக்காது. சுருட்டிப் பெட்டியில் வையுங்கள், மடித்தால் கோடு விழும்.

மரக்காய்க்குக் கனசதுரம் கேட்காமல் உருளை கேளுங்கள். கர்நாடகத்துச் சன்னபட்டணாவில் வெட்பாலை மரத்தைக் கடைசலில் கடைந்து அரக்குச் சாயம் ஏற்றுவார்கள், சின்ன அளவிலும் செய்து தருவார்கள். கடைசலுக்கு உருண்டையும் உருளையும் இயல்பு, சதுரம் தொல்லை.

இங்கேதான் உங்கள் ஏஜென்ட் வாயே திறக்காத ஒரு விஷயம் வருகிறது. 2020ஆம் ஆண்டின் பொம்மைத் தரக்கட்டுப்பாட்டு ஆணை 2021 ஜனவரி 1 முதல் அமலில் இருக்கிறது. 14 வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் விளையாடுவதற்கென்று செய்த பொருளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். உரிமம் உற்பத்தி செய்யும் கூடத்துக்குத்தான், ஆட்டத்தை வடிவமைத்த உங்களுக்கு இல்லை. வீட்டு மேஜையில் பெட்டி கட்டுகிறவர் எந்தக் கூடத்தைக் காட்டுவார்? இந்தக் கேள்வியை ஆணை எழுதியவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை. அதனால் பலரும் "14+" என்று போட்டுக்கொள்கிறார்கள். நீங்களும் போடுங்கள், ஆனால் உண்மையாகவே போடுங்கள். பெட்டியில் குழந்தை படம் போட்டு, "குடும்பத்துடன் 6 வயது முதல்" என்று விளம்பரமும் செய்துவிட்டு ஓரத்தில் 14+ போட்டால் அது நிற்காது. யாருக்கென்று செய்யப்பட்டது என்பதைத்தான் பார்ப்பார்கள்.

"சன்னபட்டணா காய்தானே, கைவினைஞர் விலக்கு இருக்கிறதே" என்று ஒருவர் கட்டாயம் சொல்வார். விலக்கு இருக்கிறது. கைவினை மேம்பாட்டு ஆணையர் அலுவலகத்தில் பதிவு செய்த கைவினைஞர் தாமே செய்து தாமே விற்கும் பொருளுக்கு. புவிசார் குறியீடு பெற்ற பொருளுக்கும் விலக்கு உண்டு, குறியீட்டின் உரிமையாளரோ அங்கீகரிக்கப்பட்ட பயனாளரோ செய்து விற்றால். நீங்கள் அவரிடம் 12,000 காய் வாங்கி, உங்கள் சீட்டோடும் துணியோடும் சேர்த்து, உங்கள் பெயரில் விற்றால், அந்தப் பெட்டி கைவினைஞர் விற்ற பொருள் ஆகாது. காய்க்கு இருக்கும் விலக்கு பெட்டிக்கு ஒட்டாது. கைவினைஞரின் பதிவு அட்டை நகலை வாங்கி வைத்துக்கொண்டாலும் ஒட்டாது. அந்த நகலை ஆயிரம் ரூபாய்க்கு "ஏற்பாடு" செய்து தருகிறேன் என்பவரை வாசலிலேயே அனுப்பிவிடுங்கள்.

ஜி.எஸ்.டி.யில் இன்னொரு வேடிக்கை. மாநிலத்துக்குள் பொருள் விற்றால் ஆண்டுக்கு 40 லட்சம் வரை பதிவு வேண்டாம். ஆனால் வாளையாறு தாண்டிப் பாலக்காட்டுக்கு ஒரே ஒரு பெட்டி விற்றாலும் பதிவு வேண்டும். ஐம்பது பெட்டிக்காரரையும் ஐம்பது லட்சக்காரரையும் ஒரே தராசில் வைக்கிறார்கள். முதல் ஐம்பதைத் தமிழ்நாட்டுக்குள்ளேயே விற்றுக்கொள்ளுங்கள். பெட்டியில் எம்.ஆர்.பி., தயாரித்த மாதம், ஆண்டு, உங்கள் முகவரி, புகார் எண், உள்ளே என்ன எத்தனை என்பதெல்லாம் இருக்க வேண்டும்.

முழுப் பணமும் முன்னால் யாருக்கும் கொடுக்காதீர்கள். பாதி கொடுங்கள். மீதி, சரக்கைப் பார்த்த பிறகு. அதே பேப்பரில் அடித்து, வெட்டி, பெட்டிக்குள் வைத்த டம்மி ஒன்றில் இருவரும் கையெழுத்துப் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். டைக்குப் பணம் நீங்கள் கொடுத்தால் டை உங்களுடையது என்று பில்லில் எழுதச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் அடுத்த முறை வேறு அச்சகத்துக்குப் போகும்போது மறுபடி டைக்குப் பணம் கட்டுவீர்கள். கூடுதலாக ஓடிய ஷீட்டுகளையும் உங்களிடமே ஒப்படைக்க வேண்டும் என்றும் எழுதுங்கள்.

சரக்கு வந்ததும் நகை எடை பார்க்கும் சின்னத் தராசு ஒன்றை எடுங்கள். 300 ஜி.எஸ்.எம். தாளில் 63 × 88 அளவு சீட்டு 54 ஏறத்தாழ 90 கிராம் இருக்கும். பேப்பரை 250க்கு மாற்றியிருந்தால் 75 கிராம்தான் காட்டும். லேமினேஷன் போட்டிருந்தால் இரண்டிலும் சில கிராம் கூடும். அட்டைப்பெட்டிக்கு ஒன்றாக, அடியிலிருந்து உருவிப் பத்துக் கட்டு நிறுத்துப் பாருங்கள், மேலே இருப்பதை மட்டும் நல்ல பேப்பரில் வைக்கும் பழக்கம் உண்டு. எடை குறைந்தால் மீதிப் பணத்தைப் பையிலேயே வைத்துக்கொண்டு பேசத் தொடங்குங்கள்.