சொந்தத் தொழிலில் பிள்ளைகளுக்குச் சம்பளம் கொடுத்தால் வருமான வரி குறையுமா?

குறையும். ஆனால் அந்தச் சம்பளம் பிள்ளைகளுக்கே உரியதாக இருந்தால்தான் குறையும். உங்கள் கேள்வியைப் பார்த்தால், நீங்கள் தனி உரிமையாளராகத் தொழில் நடத்துகிறீர்கள், மகன் பதினெட்டைக் கடந்துவிட்டார், மகள் இன்னும் பள்ளியில் படிக்கிறாள், இருவரையும் சம்பளப் பட்டியலில் சேர்க்கும்படி யாரோ யோசனை சொல்லியிருக்கிறார்கள் என்று தோன்றுகிறது. இதைப் பற்றிப் பேசுபவர்கள் பெரும்பாலும் தந்தையின் இடத்திலிருந்து பேசுகிறார்கள். நான் அப்படியொரு பட்டியலில் பெயராக இருந்த மகள்.

யோசனையின் கவர்ச்சி எனக்குப் புரிகிறது. பதினெட்டு வயது நிறைந்த பிள்ளையின் சம்பளம் பெற்றோரின் வருமானத்தோடு சேர்க்கப்படுவதில்லை. 2025-26 நிதியாண்டில், புதிய வரி முறையின் கீழ், சம்பளத்தைத் தவிர வேறு வருமானம் இல்லாதவருக்கு நிலையான கழிவு 75,000 ரூபாயையும் சேர்த்து 12.75 லட்சம் வரை வரி இல்லை. நீங்கள் முப்பது சதவீத வரி வரம்பில் இருந்தால், மகனுக்குக் கொடுக்கும் ஒவ்வொரு லட்சத்திலும் மிச்சம் தெரியும். இதே கணக்கை வரித் துறையும் போடும் என்பதைத்தான் மறந்துவிடுகிறோம். 2025-26 வரையிலான ஆண்டுகளுக்குப் பொருந்தும் 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 40ஏ(2) பிரிவு, உறவினருக்குக் கொடுத்த தொகை சந்தை மதிப்புக்கு மேல் இருந்தால் அந்த அதிகப்படியைச் செலவாக ஏற்க மறுக்கும் அதிகாரத்தை அதிகாரிக்குத் தருகிறது. தொழிலுக்காகவே செய்த செலவா என்று 37ஆம் பிரிவு கேட்கிறது. வரித் தணிக்கைக்கு உட்பட்ட தொழிலானால், உறவினர்களுக்குக் கொடுத்த தொகைகளை அறிக்கையில் தனியாகக் காட்டியாக வேண்டும். தேடிக் கண்டுபிடிக்கும் சிரமம்கூட அதிகாரிக்கு இல்லை. 2026 ஏப்ரல் 1 முதலான புதிய வருமான வரிச் சட்டத்தில் பிரிவு எண்கள் மாறுகின்றனவே தவிர, இந்த அடிப்படை மாறவில்லை.

நான் வேறு ஊரில் விடுதியில் தங்கிக் கல்லூரியில் படித்த காலத்தில், அப்பாவின் நிறுவனக் கணக்குப்படி நான் அங்கே நிர்வாக மேலாளர். சம்பளம் மாதந்தோறும் வங்கி வழியாகவே வந்தது. ஆனால் ஏடிஎம் அட்டையும் காசோலைப் புத்தகமும் அப்பாவிடம் இருந்தன. பணம் சில நாட்களிலேயே வீட்டுச் செலவுக்கும் மறுபடி தொழிலுக்கும் போய்விடும். அப்பாவின் வரிக் கணக்கு விசாரணைக்கு எடுக்கப்பட்டபோது அதிகாரி சட்ட நுணுக்கம் எதையும் பேசவில்லை. முழுநேர மாணவி முழுநேர மேலாளராக எப்படி வேலை செய்தார் என்று மட்டும் கேட்டார். அதற்கு எங்களிடம் ஒரு துண்டுக் காகிதமும் இல்லை. அந்த ஆண்டுச் சம்பளம் முழுவதும் அப்பாவின் வருமானத்தில் சேர்க்கப்பட்டு, வட்டியும் அபராதமும் வந்தன. நான் என் பெயரில் கணக்குத் தாக்கல் செய்து கட்டியிருந்த வரி அதற்காகத் தானாகத் திரும்பி வரவில்லை. ஒரே பணத்துக்கு வீட்டில் இரண்டு பேர் வரி கட்டினோம்.

பெற்ற தகப்பனைப் பொதுவில் குறை சொல்லலாமா என்று கேட்பவர்கள் இருப்பார்கள். அவர் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. எல்லோரும் செய்வதாக நம்பிச் செய்தார். படிப்பு முடிந்து நான் உண்மையாகவே கொள்முதலையும் கணக்கையும் ஏற்றுக்கொண்டபோது, சில நிபந்தனைகளோடுதான் சேர்ந்தேன். வேலை இன்னதென்று எழுதிய நியமனக் கடிதம் வேண்டும், அதே இடத்தில் முன்பு இருந்த வெளியாளின் சம்பளத்தை ஒட்டியே என் சம்பளம் இருக்க வேண்டும், விதிப்படி வரி பிடித்து, அதற்கான சான்றாகிய படிவம் 16 தர வேண்டும், கணக்கில் விழும் பணத்தை நான் மட்டுமே எடுக்க வேண்டும் என்றேன். கடைசி நிபந்தனைக்கு வீட்டில் பெரிய சண்டையே நடந்தது. பின்னர் அந்த ஆண்டுகளில் ஒன்றும் விசாரணைக்கு வந்தபோது, நான் கையெழுத்திட்ட கொள்முதல் ஆணைகளையும் அனுப்பிய மின்னஞ்சல்களையும் காட்டினோம். சம்பளச் செலவில் ஒரு ரூபாய்கூடக் குறைக்கப்படவில்லை.

ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். எனக்கு முன்பு பல ஆண்டுகள் பேரேடு எழுதியவர் என் அம்மா. அவருக்குச் சம்பளம் போட்டிருந்தால், 64ஆம் பிரிவின்படி அது அப்பாவின் வருமானத்தோடு சேர்ந்திருக்கும். தொழில்நுட்ப அல்லது தொழில்முறைத் தகுதி உள்ள வாழ்க்கைத் துணைக்குத்தான் விலக்கு. தகுதி என்பது பட்டம் மட்டுமல்ல என்று நீதிமன்றத் தீர்ப்பு இருப்பதை நானும் அறிவேன். அதை வாதாடிப் பெறும் துணிச்சல் எத்தனை வீடுகளில் இருக்கிறது? மகளின் வேலைக்குச் சட்டம் தரும் மதிப்பை மனைவியின் வேலைக்கும் தந்திருக்கலாம்.

உங்கள் மகளின் நிலை வேறு. பதினெட்டுக்குக் கீழ் உள்ள பிள்ளையின் வருமானம், தாய் தந்தையரில் யாருக்கு வருமானம் அதிகமோ அவரோடு சேர்க்கப்படும். பழைய வரி முறையில் கிடைக்கும் விலக்கு ஆண்டுக்கு 1,500 ரூபாய்தான்; புதிய முறையில் அதுவும் இல்லை. உடலுழைப்பாலோ சொந்தத் திறமையாலோ அவளே ஈட்டியது மட்டும் சேராது. ஆனால் அந்தப் பணத்தை வைப்பில் போட்டால் வரும் வட்டி சேர்ந்துவிடும். பதினான்கு வயதுக்கு உட்பட்டவளானால், குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் 2016 திருத்தத்துக்குப் பிறகு, ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில் பள்ளி நேரத்துக்குப் பிறகும் விடுமுறையிலும் உதவலாம் என்ற அளவோடு அனுமதி நிற்கிறது. மகனை, அவர் செய்யும் நேரத்துக்கு ஏற்ற பகுதிநேரச் சம்பளத்தில் சேருங்கள். மகளின் பெயரை இப்போதைக்குப் பட்டியலில் எழுத வேண்டாம்.