வலியோடு மலையேறலாமா?

கேள்வி: வயது 42. அலுவலக வேலை. ஞாயிறுதோறும் சேலம் அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்குச் சைக்கிளில் செல்வேன். சில மாதங்களாகக் கீழ்முதுகு விடாமல் வலிக்கிறது. முழு ஓய்வெடுக்கும்படி வீட்டில் வற்புறுத்துகிறார்கள். சைக்கிளை விட்டுவிட வேண்டியதுதானா?
– வாசகர், அஸ்தம்பட்டி

பதில்: விட வேண்டியதில்லை. நாள்கணக்கில் படுத்துக் கிடந்தால் தசைகள் தளர்ந்து வலி நீடிக்கவே செய்யும் என்பதால், நாட்பட்ட முதுகுவலிக்குப் படுக்கை ஓய்வை இன்று மருத்துவர்கள் பரிந்துரைப்பதில்லை. ஆனால் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் ஒரே மூச்சில் ஏறுவதைச் சில வாரங்கள் தள்ளிவைத்து, சமதளச் சாலையில் தொடங்கித் தூரத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள்.

சைக்கிளையும் சோதியுங்கள். இருக்கை அளவுக்கு மீறி உயர்ந்திருந்தால், பெடல் கீழிறங்கும் ஒவ்வொரு முறையும் இடுப்பு பக்கவாட்டில் ஆடும். கைப்பிடி எட்டத்தில் இருந்தால் முதுகு வளைந்தே கிடக்கும். ஏற்றத்தில் கனத்த கியரில் முக்கி மிதிப்பதைவிட, இலகுவான கியரில் விரைவாகச் சுழற்றுவதே முதுகுக்கு இதம். (பின்னால் வருபவர் முந்தினால் முந்தட்டும்!) அலுவலகத்தில் அரைமணிக்கொருமுறை எழுந்து நடப்பதும் அவசியம்.

வலி மாதக்கணக்கில் நீடிப்பதால் மருத்துவரை ஒருமுறை பார்த்துவிடுங்கள். காய்ச்சலோ காரணமற்ற எடைக்குறைவோ இருந்தால் தாமதிக்க வேண்டாம். கால் வலுவிழந்தாலோ, தொடையிடுக்கு மரத்துப்போனாலோ, சிறுநீர், மலம் கட்டுப்பாடு தவறினாலோ உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.