மருந்து நாட்களுக்கு நடுவே ஒரு பொங்கல்

கேள்வி: என் அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய்க்கான அறுவை சிகிச்சை முடிந்து, இப்போது மூன்று வாரங்களுக்கு ஒரு முறை கீமோ ஏற்றுகிறார்கள். உடனிருந்து கவனிப்பவள் நான். பொங்கலுக்கு அண்ணன், தங்கை குடும்பங்கள் எங்கள் வீட்டில் கூடுவது வழக்கம். அம்மா இந்த ஆண்டும் அதை விரும்புகிறார். "வீடு இருக்கும் நிலைமையில் கூட்டம் எதற்கு?" என்கிறார் அத்தை. அம்மா உறங்கிய பிறகு நான் தஞ்சாவூர் ஓவியம் வரைய உட்கார்வதும் அத்தைக்கு உறுத்துகிறது. நான் செய்வது தவறா?
- வாசகி, கும்பகோணம்

பதில்: தவறே இல்லை. உங்கள் அம்மாவே கேட்கும் பொங்கலை அவர் பெயரைச் சொல்லி மறுப்பதுதான் எனக்குப் பொருத்தமற்றதாகத் தோன்றுகிறது. ஆனால் நாளைப் பஞ்சாங்கத்தில் மட்டும் பார்க்காமல், சிகிச்சை அட்டவணையிலும் பாருங்கள். பொதுவாக மருந்து ஏற்றிய 7ஆம் நாள் முதல் 14ஆம் நாள் வரை இரத்த வெள்ளையணுக்கள் மிகவும் குறைந்து, தொற்று எளிதில் பற்றும் நிலை இருக்கும். மூன்றாவது வாரத்தில், அடுத்த மருந்துக்கு முந்தைய நாட்களில், அவை பெரும்பாலும் மீண்டுவிடும். தை முதல் நாள் அந்த ஆபத்தான வாரத்தில் வந்தால், மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு, தை மாதத்திலேயே வேறொரு ஞாயிற்றுக்கிழமை கூடுங்கள். சூரியன் கோபித்துக்கொள்ள மாட்டார்.

சளியோ காய்ச்சலோ உள்ளவர்கள், குழந்தைகள் உட்பட, அன்று வர வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். தாளிக்கும் வாசனை அம்மாவுக்குக் குமட்டலாம் என்பதால், அவர் நினைத்தபோது எழுந்து சென்று படுப்பதற்கு அடுப்படியிலிருந்து தள்ளி ஓர் அறை ஒதுக்குங்கள். அவருக்குக் காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால், பண்டிகை நாளானாலும் விடியட்டும் என்று காத்திராமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும்.

இத்தனைக்கும் மேலாக, அன்றைய சமையல் உங்கள் தலையில் விழக் கூடாது. மாதக்கணக்கில் ஒருத்தியாகக் கவனித்துக்கொண்டிருப்பவள் அத்தனை பேருக்கும் வடித்துக் கொட்டினால், அது ஆறுதலாக இராது. இன்னொரு சுமையாகத்தான் இருக்கும். அண்ணி ஒன்றும் தங்கை ஒன்றுமாகச் சமைத்துக் கொண்டுவரட்டும். அடுத்த மருந்து நாளில் அம்மாவை அழைத்துச் செல்வது யார், அன்றிரவு தங்குவது யார் என்பதை எல்லோரும் எதிரில் இருக்கும்போதே பேசி முடித்துவிடுங்கள். ஊருக்குத் திரும்பியவர்களைத் தொலைபேசியில் பிடிப்பது கடினம். "எங்கள் பெரியப்பாவுக்கும் இதேதான் வந்தது" என்று தொடங்கி, அவர் இறந்த கதையை நோயாளியின் எதிரிலேயே சொல்லி முடிக்கும் உறவினர் ஒருவர் எல்லாக் குடும்பத்திலும் இருப்பார். பேச்சை மாற்றும் பொறுப்பை அண்ணனிடம் கொடுங்கள்.

ஓவியத்துக்கு வருவோம். உங்களைப் போன்ற நிலையில் இருப்பவர்களுக்கு இந்தக் கலை மிகவும் ஏற்றது என்பேன். பலகையில் துணி ஒட்டுவது, கோடு வரைவது, கல் பதிப்பது, மக்கு என்னும் சுண்ணப் பசையை வைத்துப் புடைப்பு எழுப்புவது, ரேக்கு என்னும் மெல்லிய தங்கத் தகடு ஒட்டுவது, வண்ணம் தீட்டுவது என்று வேலை கட்டம் கட்டமாகப் பிரிந்திருப்பதாலும், நடுவில் காய விட்டே தீர வேண்டும் என்பதாலும், அம்மா கூப்பிட்டால் அப்படியே வைத்துவிட்டு எழலாம், பல நாள் கழித்தும் தொடரலாம். உப்புத்தாளால் தேய்க்கும் வேலையை மட்டும் வெளியே வைத்துக்கொள்ளுங்கள், அந்தத் தூசு அவருக்கு ஆகாது; வார்னிஷ் வாசனையும் அப்படியே.

கண்ணனின் பட்டுக்கு எந்த நிறம், ஆரத்துக்குச் சிவப்புக் கல்லா பச்சைக் கல்லா என்று அம்மாவைக் கேட்கலாம். கல்லை அவரே பதிக்க வேண்டும் என்று வற்புறுத்தாதீர்கள், சில கீமோ மருந்துகளால் விரல் நுனிகள் மரத்துப்போவதுண்டு. அவர் பங்கெடுக்காத இரவுகளிலும், அந்த ஒரு மணி நேரம் உங்களுக்கே உரியதாக இருப்பதில் குற்றமில்லை.

அத்தையிடம் வாதம் வேண்டாம். பெரும்பாலும் அவருடைய கவலைதான் கடிந்துரையாக வெளிவருகிறது. "வாரம் ஒரு பிற்பகல் அம்மாவுடன் வந்து இருங்கள் அத்தை" என்று கேளுங்கள். ரேக்கு ஒட்டுவதற்குப் பகல் வெளிச்சம் நல்லது, காற்றில் பறக்காமல் இருக்க மின்விசிறியையும் நிறுத்த வேண்டும். எனவே அந்த வேலையை அவர் வரும் நாளுக்கு ஒதுக்கி, அடுத்த அறையில் செய்யுங்கள்.