மரம் எண்ணவா கம்பஸ் அனுப்பினோம்?

அக்கா, மகளை மரம் எண்ணவா கம்பஸ் அனுப்பினோம் என்ற உங்கள் கோபம் எனக்கு விளங்குகிறது. உயர்தரத்தில் உயிரியல் படித்து, பல்கலைக்கழக அனுமதிக்கான இசட் புள்ளி போதாமல் மருத்துவம் கைநழுவி, தாவரவியலுக்குப் போன பிள்ளை இப்போது இறுதியாண்டு ஆய்வு என்று மன்னார்ப் பக்கம் அருவியாற்றங்கரையில் மரங்களுக்கு டேப் சுற்றிக்கொண்டு நிற்கிறாள், அவளோடு படித்தவர்களோ சீமா (CIMA) என்ற கணக்கியல் படிப்பை முடித்து வேலைக்கும் போய்விட்டார்கள். கொழும்பு வெள்ளவத்தையில் இருந்து பார்த்தால் வீண்வேலையாகத்தான் தெரியும்.

ஆற்றோரத்தில் ஒரு துண்டு நிலம், வெள்ளம் எட்டாத மேட்டில் அதே அளவில் இன்னொன்று. இரண்டிலும் நிற்கும் ஒவ்வொரு மரத்தையும் இனம் கண்டு, 1.3 மீற்றர் உயரத்தில் சுற்றளவு எடுப்பதுதான் அவளுடைய வேலை. கரையில் மருது பருத்து நிற்கும், மேட்டுக்கு ஏறினால் பாலை, வீரை, முதிரை என்று காடே மாறிவிடும். கரை மரத்தின் வேருக்குக் கோடையிலும் ஈரம் கிடைக்கும், ஆனால் வெள்ளம் வந்து நாட்கணக்கில் நின்றால் தாங்க வேண்டும். மேட்டு மரத்துக்கு அந்தப் பயம் இல்லை, மாதக்கணக்காக மழையில்லாமல் சமாளிக்கத் தெரிந்தால் சரி. சிங்கராஜ மழைக்காட்டில் 25 ஹெக்டேயர் பரப்பில் 1 சென்ரிமீற்றர் விட்டமுள்ள கன்று வரைக்கும் இப்படித்தான் அளந்து வைத்திருக்கிறார்கள்.

இதற்கு யார் காசு தருவார்கள் என்றுதானே கேட்கிறீர்கள். இந்த நாட்டில் 1 ஹெக்டேயருக்கு மேல் காட்டை அழித்து வேறு தேவைக்கு எடுப்பதென்றால் சுற்றாடல் தாக்க மதிப்பீடு செய்தாக வேண்டும், அந்த அறிக்கையில் எந்த மரம் எங்கே எவ்வளவு நிற்கிறது என்று எழுத ஆள் வேண்டும். ஆலோசனை நிறுவனங்கள் தேடுவது அந்த ஆளைத்தான். நிரந்தர வேலை உடனே கிடைக்கும் என்று சொல்லமாட்டேன், தொடக்கத்தில் ஒப்பந்த வேலைதான், சம்பளமும் வங்கிக்காரப் பிள்ளையோடு ஒப்பிட்டால் மனம் நோகும்.

ஆனால் டிகிரி மட்டும் இருந்தால் போதாது. பூ இல்லாத காலத்தில் இலையையும் பட்டையையும் வைத்தே மரத்தைச் சொல்லும் அளவுக்குக் கண் பழக வேண்டும், உலர்த்திய செடி மாதிரிகளைச் சேர்த்து வைத்திருக்கும் பேராதனைத் தேசிய உலர்தாவரகத்தில் கொஞ்ச நாள் இருந்து பார்க்கச் சொல்லுங்கள். எடுத்த தரவை ஆர் (R) என்ற புள்ளிவிபர மென்பொருளில் தானே பகுத்தாய வேண்டும், அதை நண்பனிடம் கொடுத்துச் செய்வித்தால் நேர்முகத்தில் பிடிபட்டுவிடுவாள். அப்புறம் சிங்களம். திணைக்களத்திலும் களத்திலும் அது இல்லாமல் நகர முடியாது.

காட்டில் யானை வந்துவிடுமோ என்ற உங்கள் பயம் நியாயமானது, அதில் நான் உங்கள் பக்கம். வனத் திணைக்கள அனுமதி கையில் இருக்கிறதா, இடம் தெரிந்த ஆள் கூடப் போகிறாரா என்று மேற்பார்வையாளரிடம் நீங்களே கேளுங்கள். சீமா கதையை ஆய்வறிக்கை கொடுத்து முடியும்வரை எடுக்காதீர்கள்.