கோபுரத்தை ஒளித்து வைத்த ஊர்

கேள்வி: அக்கா, என் மகள் வேல்ஸில் ஸ்வான்சீ என்ற ஊரில் நர்ஸாக இருக்கிறாள். ஜூன் மாதம் நானும் அவள் அப்பாவும் போகிறோம். நாங்கள் மூவரும் சேர்ந்து வெளியே போக அவளுக்கு ஒரே ஒரு நாள்தான் லீவு. கார்டிஃப் கோட்டை, ஸ்வான்சீ கடற்கரை, செயின்ட் டேவிட்ஸ் பேராலயம் மூன்றையும் அன்றைக்கே முடித்துவிடலாம் என்கிறார் இவர். முடியுமா? அவருக்கு முட்டி வலி வேறு.
– வாசகி, கொழிஞ்சாம்பாறை

பதில்: வேண்டாம் அம்மா, அந்தத் திட்டத்தை இப்போதே கைவிடுங்கள். கார்டிஃப் கிழக்கே இருக்கிறது, செயின்ட் டேவிட்ஸ் மேற்குக் கோடியில் இருக்கிறது, மகளின் ஊர் நடுவில். மூன்றையும் ஒரே நாளில் வைத்தால் அன்று முழுக்க வண்டியின் ஜன்னலைத்தான் பார்ப்பீர்கள். ஸ்வான்சீ கடற்கரைக்கு எந்தச் சாயங்காலமும் போகலாம். கார்டிஃபுக்கு ரயிலில் ஒரு மணி நேரம்தான், மகள் டியூட்டிக்குப் போகும் ஒரு நாளில் நீங்கள் இரண்டு பேர் மட்டுமே போய் கோட்டையைப் பார்த்துவிட்டு வரலாம். அவளுடைய லீவு நாளை முழுசாக செயின்ட் டேவிட்ஸுக்குக் கொடுங்கள்.

நான் இதை அடித்துச் சொல்லக் காரணம் இருக்கிறது. முதல் தடவை ஒரு சுற்றுலா வேனில் போனேன், ஏழு இடம் ஒரே நாளில் என்று கூட்டிப்போனார்கள், செயின்ட் டேவிட்ஸுக்கு முக்கால் மணி நேரம்தான் கிடைத்தது. பேராலயத்துக்கு இறங்கி உள்ளே நுழைந்து கண் வெளிச்சத்துக்குப் பழகுவதற்குள் கூப்பிட்டுவிட்டார்கள். திரும்பும் வழியெல்லாம் மனசு ஆறவில்லை. பத்து நாள் கழித்து நானே ரயில் பிடித்துத் தனியாகப் போனேன், அந்த நாளைத்தான் இப்போதும் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

காரில் போனால் ஸ்வான்சீயிலிருந்து கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம். அந்த ஊருக்கு ரயில் கிடையாது. ஹேவர்ஃபோர்ட்வெஸ்ட் வரை ரயில் (ஒன்றரை மணி நேரம் போல), அங்கிருந்து டி11 பஸ்ஸில் முக்கால் மணி நேரம். காலை முதல் ரயில்களில் ஒன்றைப் பிடித்துவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமையைத் தவிருங்கள், பஸ் குறைவு. பஸ்ஸில் இடதுபக்கம் உட்காருங்கள். நியூகேல் என்ற இடத்தில் ரோடு செங்குத்தாக இறங்கி நேரே கடலுக்கு முன்னால் கொண்டுபோய் விடும், அங்கே கரை முழுக்க மணலுக்கு மேலே கூழாங்கற்கள் வரப்பு போலக் குவிந்து கிடக்கும். அப்புறம் சோல்வா என்ற சின்னத் துறைமுகம், அதைத் தாண்டினால் வந்துவிட்டது.

'கோபுர தரிசனம் கோடி புண்ணியம்' என்று வளர்ந்தவர்கள் நாம். ஊர் எல்லைக்கு வரும்போதே கோபுரம் தெரிகிறதா என்று கழுத்தை நீட்டிப் பார்ப்போம். இங்கே அப்படித் தேடினால் ஒன்றும் தெரியாது. ஊரின் நடுவில் நின்றாலும் கல்வீடுகளும் கடைகளும்தான். பேராலயம் ஊருக்குக் கீழே, ஆலன் என்ற சின்ன ஆறு ஓடும் பள்ளத்தில் இருக்கிறது. கடலில் கப்பலில் வருபவன் கண்ணுக்குக் கோபுரம் படக்கூடாது என்று பள்ளத்தைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பார்கள். வைக்கிங் கொள்ளையர்கள் இந்த இடத்தைத் திரும்பத் திரும்பச் சூறையாடியிருக்கிறார்கள், 999-ல் பிஷப்பையே வெட்டிப் போட்டார்கள், அந்தப் பயம் சும்மா வந்ததில்லை. பழைய மதில் வாசல் ஒன்றைத் தாண்டினால் காலுக்குக் கீழே பள்ளமும் அதற்குள் ஊதாநிறத்துக் கட்டடமும் ஒரே நேரத்தில் தெரியும். அந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள், உடனே போட்டோ எடுக்க வேண்டாம்.

அங்கிருந்து 39 படி. இங்கிலாந்துத் திருச்சபையின் கொள்கைப் பிரிவுகள் 39, அதனால் இந்தப் படிகளுக்கும் 'முப்பத்தொன்பது பிரிவுகள்' என்றே பெயர். உங்கள் வீட்டுக்காரரின் முட்டிக்கு இது தோதுப்படாது. படி இறங்காமல் வண்டியிலேயே கீழே போகும் வழியும் இருக்கிறது, மகளைக் கேட்டு வைக்கச் சொல்லுங்கள்.

இப்போது நிற்கும் கட்டடத்தை 1181-ல் தொடங்கினார்கள். 1220-ல் கோபுரம் சரிந்து விழுந்தது, 1240-களின் கடைசியில் நிலநடுக்கம் வந்தது. உள்ளே போய் மேற்குக் கோடியில் நின்று பாருங்கள், தூண்கள் வெளிப்பக்கமாகச் சாய்ந்திருப்பது கண்ணுக்கே தெரியும். தரையும் சமமில்லை, பலிபீடத்தை நோக்கி ஏறிக்கொண்டே போகிறது, இரண்டு முனைக்கும் கிட்டத்தட்ட 4 மீட்டர் வித்தியாசம். நான் செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நடந்தேன் (யாரும் ஒன்றும் சொல்லவில்லை), குளிர்ந்த கல், உள்ளங்காலுக்கு அந்த ஏற்றம் நன்றாகத் தெரிந்தது. சுவரின் கல் பக்கத்தில் உள்ள கேர்புடி என்ற குடாவிலிருந்து வெட்டிய மணற்கல். நாவல் பழம் தின்ற நாக்கின் நிறம் அதற்கு, மழையில் நனைந்தால் இன்னும் கறுக்கும். தலைக்கு மேலே ஓக் மரத்தில் செதுக்கிய 16-ஆம் நூற்றாண்டுக் கூரை. பலிபீடத்துக்கு முன்னால் எட்மண்ட் டியூடரின் கல்லறை, ஏழாம் ஹென்றி மன்னனின் அப்பா. நுழைவுக் கட்டணம் இல்லை, உண்டியலில் மனசுக்குத் தோன்றியதைப் போடுங்கள். சாயங்காலப் பிரார்த்தனையில் பாட்டு இருக்கும் நாளாக அமைந்தால் எந்த மதமாக இருந்தாலும் உட்கார்ந்து கேட்கலாம்.

ஆற்றைத் தாண்டினால் பிஷப் அரண்மனை, இதற்கு டிக்கெட் உண்டு. 14-ஆம் நூற்றாண்டில் ஹென்றி டி கவர் என்ற பிஷப் கட்டியது, மேல் விளிம்பில் ஊதாவும் வெள்ளையுமாகச் சதுரங்கக் கட்டம் போலக் கல் பதித்திருப்பார்கள். கூரை மட்டும் இல்லை. 16-ஆம் நூற்றாண்டில் பார்லோ என்ற பிஷப் கூரையின் ஈயத்தகட்டை உரித்து விற்று ஐந்து பெண்களுக்கும் சீதனம் கொடுத்தார் என்று ஒரு கதை ஊரில் உண்டு. கதை எப்படியோ, வானத்தைப் பார்த்து நிற்கும் அந்தச் சுவர்களைப் பார்த்தால் வயிறு கலங்குகிறது.

கேள்வி: செயின்ட் டேவிட்ஸில் இருப்பவர்கள் இரண்டாயிரம் பேர்கூட இல்லையாமே, அதை எப்படி சிட்டி என்கிறார்கள்?
– வாசகர், செங்கோட்டை

பதில்: உண்மைதான், எங்கள் பாலக்காட்டுச் சித்தூர்-தத்தமங்கலம் நகராட்சியில் இரண்டு வார்டில் அடங்கிவிடும் ஜனம். ஆனால் பிரிட்டனில் நகரம் என்பது தலை எண்ணிக்கையால் வருவதில்லை, அரசர் அல்லது அரசி கொடுக்கும் பட்டம் அது. பேராலயம் இருப்பதால் இதை எப்போதும் நகரம் என்றே சொல்லி வந்தார்கள், முறைப்படியான பட்டயத்தை எலிசபெத் அரசி 1995 ஜூன் 1 அன்று நேரில் வந்து கொடுத்தார். மக்கள்தொகையில் பிரிட்டனிலேயே மிகச் சிறிய நகரம் இதுதான்.

ஆனால் இந்த ஊரின் பெருமை பட்டயத்தில் இல்லை. ஆறாம் நூற்றாண்டில் டேவிட் என்ற துறவி இங்கே மடம் வைத்து வாழ்ந்தார், ரொட்டி, கீரை, தண்ணீர் தவிர வேறொன்றும் தொடாதவர், அதனால் வேல்ஸ்காரர்கள் அவரைத் தண்ணீர் குடிக்கும் தெவி (டேவிட்டுக்கு அவர்கள் மொழியில் தெவி) என்றார்கள். அவர் இறந்த மார்ச் 1 இன்றும் வேல்ஸின் பெரிய நாள். 1081-ல் இங்கிலாந்தை வென்ற வில்லியம் மன்னனே இங்கே வந்து கும்பிட்டுப் போனான். 12-ஆம் நூற்றாண்டில் போப் இரண்டாம் கலிக்ஸ்டஸ், இங்கே இரண்டு முறை வந்தால் ரோமுக்கு ஒரு முறை போன பலன் என்று அறிவித்தார். காசிக்கு வீசம் கூட என்று நம்மூரில் எத்தனை தலங்களைச் சொல்வோம், அதே கணக்குத்தான்.

கேள்வி: நாங்கள் சுத்த சைவம். அந்த ஊரில் பட்டினிதானா?
– வாசகி, வேலந்தாவளம்

பதில்: பட்டினி இல்லை. கிளமார்கன் சாசேஜ் என்று ஒன்று உண்டு, பெயரைக் கேட்டு ஒதுக்காதீர்கள், அதில் இறைச்சி கிடையாது, சீஸும் லீக் என்ற வெங்காயத் தண்டும் ரொட்டித் தூளும் சேர்த்து உருட்டிப் பொரிப்பது. (முட்டை சேர்ப்பதுண்டு, கேட்டுக்கொள்ளுங்கள்.) கல்லில் சுடும் வெல்ஷ் கேக்கைப் பழைய முறையில் பன்றிக்கொழுப்பிலும் செய்வார்கள், வெண்ணெயில் செய்ததா என்று விசாரித்து வாங்குங்கள். லேவர்பிரெட் ரொட்டி இல்லை, கடல்பாசியை மணிக்கணக்காக வேகவைத்து மசித்த கரும்பச்சை விழுது. எனக்குப் பிடித்தது, ஆனால் பன்றிக் கொழுப்பில் வதக்கித் தருவதே வழக்கம், அதையும் கேளுங்கள். காபிக் கடைகள் சாயங்காலம் சீக்கிரமே மூடிவிடும், கையில் புளிச்சோறு இருக்கட்டும்.

கேள்வி: அக்கா, வேல்ஸில் இங்கிலீஷ்தானே? தனி மொழி என்கிறார்களே, இன்னும் யாராவது பேசுகிறார்களா?
– வாசகர், கோபாலபுரம்

பதில்: பேசுகிறார்கள். 2021 கணக்கெடுப்பில் சுமார் 5 லட்சத்து 38 ஆயிரம் பேர், நூற்றுக்கு 18 பேருக்குக் கொஞ்சம் குறைவு. எங்கும் பலகை இரண்டு மொழியில் இருக்கும், ரோட்டில் 'மெதுவாக' என்பதைக்கூட வெள்ளை பெயின்டில் இரண்டு முறை எழுதியிருப்பார்கள், வெல்ஷில் அதற்கு 'ஆரவ்'.

நீங்கள் கேரள-தமிழ்நாடு எல்லையில் உள்ள கோபாலபுரம், உங்களுக்கு இதைச் சொன்னால் சட்டென்று பிடிபடும். நான் முன்னால் சொன்ன நியூகேல் கடற்கரையிலிருந்து கிழக்கே ஒரு மொழிக்கோடு போகிறது, லேண்ட்ஸ்கர் என்பார்கள். 12-ஆம் நூற்றாண்டில், இங்கிலாந்தைப் பிடித்திருந்த நார்மன்கள் தெற்கில் கோட்டை கட்டி பெல்ஜியப் பக்கத்து ஃபிளெமிஷ் மக்களையும் குடியேற்றினார்கள், தெற்கு இங்கிலீஷ் பேசும் பக்கமாக ஆனது, வடக்கு வெல்ஷாகவே நின்றது. தொள்ளாயிரம் வருஷமாகியும் கோடு அழியவில்லை. வாசலும் இல்லை, செக்போஸ்ட்டும் இல்லை, ஊர்ப்பெயர்தான் மாறும். எனக்கு அந்த இடத்தில் பஸ்ஸில் மயிர்க்கூச்செறிந்தது. 1956-ல் கேரளம் பிறந்தபோது கோடு எங்களுக்குக் கிழக்கே விழுந்தது, செக்போஸ்ட் அங்கே நிற்கிறது, பேச்சு அதைத் தாண்டி மேற்கே கொழிஞ்சாம்பாறை வரை வந்து வீட்டுக்குள் உட்கார்ந்திருக்கிறது. பள்ளியில் மலையாளம், அடுப்படியில் தமிழ் என்று வளர்ந்தவளுக்கு, பின் சீட்டில் ஒரு பாட்டி பேரனிடம் வெல்ஷில் அதட்டுவதும் அவன் இங்கிலீஷில் பதில் சொல்வதும் புதிதாக இருக்குமா?

ஊர்ப் பெயரையும் அவர்கள் மொழியில் சொல்லிப் பாருங்கள்: டீதெவி. தெவியின் வீடு என்று அர்த்தம். அந்த 'தெ'வை இங்கிலீஷ்காரர்களுக்கு விளக்க வேண்டியிருக்கும், நமக்கு வேண்டாம், 'அது', 'இது' என்னும்போது வரும் த-தான். காலையில் 'போரே தா', நன்றிக்கு 'தியோல்ஹ்', கடைசி எழுத்தைத் தொண்டையிலிருந்து இழுங்கள். ஒரு கடைக்காரம்மாவிடம் சொன்னேன், நான் வாங்கிய இரண்டு கேக்குடன் மூன்றாவதை அவர் காசு வாங்காமல் வைத்தார்.

கேள்வி: கடலில் குளிக்கலாமா?
– வாசகர், குளச்சல்

பதில்: கடல் ஊருக்கு ஒரு மைல்தான். ஒயிட்சாண்ட்ஸ் கடற்கரையில் கோடையில் உயிர்காப்பாளர்கள் இருப்பார்கள், சிவப்பு மஞ்சள் கொடிகளுக்கு நடுவில் மட்டும் இறங்குங்கள். தண்ணீர் கோடையிலும் 17 டிகிரியைத் தாண்டுவது அரிது, குளச்சல் கடலில் நீந்தியவருக்கு முதல் முழுக்கிலேயே மூச்சு நிற்கும். வேலியேற்றம் வேகமானது.

குளிக்காவிட்டாலும் கடலைப் பார்க்க நான் சொல்வது செயின்ட் நொன் என்ற இடம், கொழிஞ்சாம்பாறை அம்மாவுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். ஊரிலிருந்து இருபது நிமிட நடை. டேவிட்டை அவர் அம்மா நொன் புயலில் பெற்றெடுத்த இடம் என்பது ஐதீகம், அப்போது பொங்கிய ஊற்று இன்னும் இருக்கிறது, சின்னக் கல் வளைவுக்குக் கீழே, கண்நோய்க்கு நல்லது என்று பழைய நம்பிக்கை. குனிந்து அள்ளினேன், பல் கூசும் குளிர். சுற்றிலும் மாடு மேயும் வயல், எதிரே முழுக் கடல். கீழே பாறை விளிம்பை ஒட்டி 186 மைல் நீளக் கரையோரப் பாதை போகிறது, காற்று பலமாக இருந்தால் சேலையோடும் செருப்போடும் அதில் போகாதீர்கள். குடை நிற்காது, மழைக்கோட்டு எடுத்துக்கொள்ளுங்கள். ஜூனில் ராத்திரி ஒன்பது மணிக்கும் வெளிச்சம் இருக்கும், அதை நம்பி உட்கார்ந்துவிடத் தோன்றும். கடைசி பஸ் அதற்கு ரொம்ப முன்னாலேயே போய்விடும், இறங்கியதும் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.