வாசகர் கேள்வி – பதில்: மணலும் கட்சியும்

கேள்வி: எங்கள் ஊர் ஆற்றில் இரவில் மணல் அள்ளப்படுவதைப் பற்றிச் சனசமூக நிலையத்தில் பேச எழுந்தேன். முடிப்பதற்குள், "தம்பி எந்தக் கட்சி?" என்று கேட்டுவிட்டார்கள். கட்சி சாராமல் சுற்றாடலைப் பற்றிப் பேசவே முடியாதா?
– வாசகர், ஒட்டுசுட்டான்

பதில்: கேட்டவர்மீது கோபப்படாதீர்கள். யுத்தம் முடிந்து ஊர் திரும்பியபோது, தாம் முன்பு பயிர் செய்த காணியில் காட்டு எல்லைக்கல் நிற்பதைக் கண்ட குடும்பங்கள் வன்னியில் உண்டு. அவர்கள் காதில் 'சுற்றாடல் பாதுகாப்பு' என்ற சொல் விழுந்ததும் அடுத்து எவருடைய காணி என்று யோசிப்பது பட்டறிவே தவிர, அறியாமை அன்று.

சுற்றாடல் ஒரு தரப்பின் சொத்து என்ற எண்ணம்தான் பிழை. அமெரிக்காவில் குடியரசுக் கட்சியின் நிக்சன் ஜனாதிபதியாக இருந்த 1970 இல் தூய காற்றுச் சட்டம் வந்தபோது, செனட் சபையில் அதை எதிர்த்து ஒரு வாக்கும் விழவில்லை. செலவு அதிகம் என்று சொல்லி 1972 இல் தூய நீர்ச் சட்டத்துக்கு ஒப்பமிட மறுத்தவரும் அதே நிக்சன்தான்; அப்போது அவருடைய கட்சியினரும் எதிர்க்கட்சியினரோடு சேர்ந்து அவரது மறுப்பை மீறி அதைச் சட்டமாக்கினார்கள்.

அவ்வளவு தூரம் போவானேன்? உங்கள் குளத்தின் பயிர்ச்செய்கைக் கூட்டத்தைப் பாருங்கள். தேர்தலில் நான்கு சின்னங்களுக்குப் புள்ளடி போட்ட கமக்காரர்கள் ஒரே வாங்கில் இருந்து, சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர், துருசு திறப்பது எந்த நாள் என்று சண்டை பிடித்தாவது ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். மணல் விடயத்தையும் அங்கே கொண்டுபோங்கள். ஆனால் 'சுற்றாடல்' என்று தொடங்காமல் கிணற்றிலிருந்து தொடங்குங்கள். ஆற்று மணல் மழை நீரைப் பிடித்து வைத்துக் கரையோரக் கிணறுகளுக்கு மெல்லக் கசியவிடுகிறது. ஆற்றுப்படுக்கை தாழ்ந்தால் கிணற்று நீரும் கூடவே இறங்கும். ஆவணியில் வாளிக்கயிறு எத்தனை முழம் கூடுதலாகப் போகிறது என்று கரையோர வீட்டு அம்மா ஒருவர் எழுந்து சொன்னால், அவரிடம் எவரும் கட்சி கேட்கமாட்டார்கள். டிப்பர் உரிமையாளர்களிலும் எல்லாக் கட்சிக்காரரும் இருப்பார்கள் என்பதை மறக்க வேண்டாம். ஆகவே தனியே போய் வழிமறிக்காதீர்கள். விடியற்காலையில் கிரவல் வீதியில் ஈரமணல் சொட்டிய கோடு எந்த இறக்கத்திலிருந்து தொடங்குகிறது என்பதைத் திகதியோடு குறித்து வைத்து, கமக்காரர் அமைப்பின் பெயரில் முறைப்பாடு கொடுங்கள்.

கேள்வி: வீடு கட்டுவோருக்கு மணல் வேண்டாமா?
– வாசகி, பூநகரி

பதில்: கட்டாயம் வேண்டும். மணல் அகழ்வதற்கு 1992 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சுரங்கங்கள், கனியங்கள் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரம் பெறவேண்டும். எந்த இடத்தில், எவ்வளவு அள்ள அனுமதி கிடைத்திருக்கிறது என்பதை 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி எந்தப் பிரசையும் கேட்கலாம். ஏன் கேட்கிறீர்கள் என்பதற்குக் காரணம் எழுத வேண்டியதில்லை.